பயில்வான் ரத்தம் வேண்டாம்

ரத்த வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பயில்வான் உள்ளே வந்தபோதே சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டிருந்தார். தினம் நூறு தண்டால் எடுக்கிற கை. பின்னாலேயே அவருடைய அம்மா. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிர்ந்த, அந்த அம்மாவின் சின்ன மருமகளுக்கு வந்த காரியம் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடங்களாக அவளுக்கு இங்கேதான் வேலை. ஐந்து வருடங்களாக அந்த வீட்டில் மருமகள்.

மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு மாடி வார்டில் படுத்திருந்தார். இரண்டு மணிக்கு ஆபரேஷன். இரண்டு பை ரத்தம் தயாராக இருக்க வேண்டும். சம்மதப் படிவத்துக்கான பேனா அவர் கையில்தான் இருந்தது; கையெழுத்துப் போடச் சொல்லும் அதிகாரம் மாமியாரிடம் இருந்தது. இன்று தவறினால் தியேட்டர் கிடைக்க நான்கு நாளாகும். எழுபத்திரண்டு வயது உடம்பு அதுவரை அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மாமியார் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பெற்ற பிள்ளையின் ரத்தம்தான் ஏற வேண்டும். அவர்கள் பரம்பரை ரத்தம் லேசுப்பட்டதல்ல. ஏதோ ஒரு போரில் முப்பாட்டனார் சிந்திய ரத்தம் பட்டுக் கல்லே சிவந்துபோனதாக வீட்டில் ஒரு கதை உண்டு. எந்தப் போர், எந்தக் கல் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். இளையவனான அவள் கணவனுக்கு ரத்த வகை வேறு. அப்பாவின் பி பாசிட்டிவ் மூத்தவரான பயில்வானுக்குத்தான் வாய்த்திருந்தது.

“அத்தான் ரத்தம் வேண்டாம், அத்தை” என்றாள் அவள்.

பயில்வானின் முகம் விழுந்துவிட்டது. மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெளியிலேர்ந்து வந்தவ நீ. எங்க ரத்தத்தோட அருமை உனக்கு எப்படித் தெரியும்?”

சுருக்கென்றது. பக்கத்து மேஜைத் தோழி அவளை ஓரங்கட்டி, பயில்வானிடம் ஒரு பை எடுத்துக்கொண்டு மேலே வேறு பையை அனுப்பிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று காதைக் கடித்தாள். சுலபமான வழிதான். ஆனால் பையில் ஒட்டும் சீட்டில் அவள் இதுவரை ஓர் எழுத்துக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மாமியாரை உட்காரவைத்தாள்.

“அத்தை, அந்நியர் ரத்தம் ஏத்தினா, அதுல இருக்கிற வெள்ளை அணுவை உடம்பு ‘யாருடா நீ’ன்னு கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். பிள்ளை ரத்தத்துக்கு அப்பன் ஜாடை இருக்கும். நம்ம ஆளுதானேன்னு உடம்பு விட்டுடும். உள்ள போனது சும்மா இருக்காது. குடியேறி, பெருகி, வீட்டுக்காரரையே அடிக்க ஆரம்பிச்சிடும். அபூர்வமாத்தான் நடக்கும். நடந்தா பிழைக்கிறது கஷ்டம். கதிர் பாய்ச்சி அதை அடக்குற மெஷின் இங்க இல்லை.”

மாமியார் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உன் சின்ன மாமனார் மாதிரின்னு சொல்லு.”

மாமனாரின் தம்பியைத்தான் சொன்னார். நான்கு நாள் தங்கலாமென்று பெட்டியோடு வந்தவர் ஒன்பது வருடம் தங்கி, கடைசியில் வீட்டின் முன்பாதியை எழுதி வாங்கிக்கொண்டு, அண்ணனைப் பின்வாசல் வழியாக நடக்கவிட்டவர். தம்பிதானே என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பயில்வான்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அவளாலும் அடக்க முடியவில்லை.

“அதேதான், அத்தை.”

வெளியாளாக இருந்திருந்தால் அன்றைக்கே விரட்டியிருப்பேன் என்று முணுமுணுத்தபடி மாமியார் எழுந்தார். ரத்தம் கொடுத்தது யார் என்று விசாரித்தார். பெயர் தெரியாது, எண் மட்டும்தான், எல்லாச் சோதனையும் முடித்தாயிற்று என்றாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்றார். வந்ததற்கு வேறு யாருக்காவது கொடு என்று மகனை ரத்தம் எடுக்கும் கட்டிலுக்கு அனுப்பினார்.

கையெழுத்தாகிவிட்டதென்று ஒன்றரை மணிக்கு வார்டிலிருந்து போன் வந்தது. அவள் எண்களைத் தோழியோடு சேர்ந்து உரக்கப் படித்துச் சரிபார்த்து, பைகளைத் தானே மேலே எடுத்துப்போனாள். தியேட்டர் வாசலில் நின்ற மாமியார், பைகளை வாங்க வந்த நர்ஸிடம் முந்திக்கொண்டார்.

“எங்க மருமக பார்த்துக் கொடுக்குற ரத்தம்மா. தைரியமா ஏத்துங்க.”