ஆதாரம் கேட்டவர்கள்

‘அண்ணா, அம்மா விடியப் போயிட்டா. உன்ட நம்பரை இதிலயே போடு. ரெண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கிறம்’ என்று இரண்டு விரலால் தட்டி அனுப்பிவிட்டு, தவநேசன் திரையைப் பார்த்தபடி இருந்தான். வடக்கே ஷெல் விழும் சத்தத்துக்குக் இன்டர்நெட் வைத்திருந்த கொமினிக்கேசன் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்து அடங்கியது.

சுவிஸில் இருக்கும் அண்ணன் நல்லரத்தினம் போன் காட் வாங்கித்தான் அம்மாவோடு கதைப்பான்; அந்த அழைப்பில் நம்பர் விழாது. தம்பியின் மின்னஞ்சலையும் தடுத்து வைத்திருந்தான். மிச்சமிருந்த ஒரே இடம், ஆத்திகரும் நாத்திகரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்ளும் இந்தக் கருத்துக்களம். அங்கே அண்ணனின் பெயர் ‘திருநீற்றுச்செல்வன்’. தம்பி ‘கேள்விக்குறி’. இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குப் போகுமுன் கடவுளைக் கும்பிட்டுவிட்டு நாத்திகரைத் திட்டுவது அண்ணனின் வழக்கம். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

முதற் பதில் ஒரு பக்தரிடமிருந்து வந்தது: ‘ஆதாரம் உண்டா?’

அது தவநேசனின் சொந்தச் சரக்கு. அற்புதம் கண்டேன் என்று யார் எழுதினாலும் அவன் அந்த இரண்டு சொல்லைத்தான் எறிவான். அது போதாதென்று போன சித்திரையில், தங்கள் ஊர் அம்மன் சிலை கண்ணீர் விட்டதாக உருகி உருகி எழுதி, பக்தர்கள் எல்லாரும் கைகூப்பி முடித்த பிறகு, ‘கூரை ஒழுக்கு’ என்று அறிவித்திருந்தான். அண்ணன் மின்னஞ்சலைத் தடுத்தது அன்றைக்குத்தான்.

அவனுடைய நாத்திகக் கட்சிக்காரர்கள் பக்தர்களைவிட மோசம். ‘சபாஷ் தோழர்! நல்ல பொறி. யார் யார் அனுதாபம் போட்டு மாட்டுகிறார்கள் பார்ப்போம்.’ கீழே சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள்.

‘பொய் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்’ என்று தட்டினான்.

‘எதன் மேல் சத்தியம், தோழர்?’

அதற்கு இன்னும் நிறைய மூஞ்சிகள் சிரித்தன.

கடைக்காரர் கச்சி முகம்மது நானா பின்னால் வந்து நின்றார். “என்ன தம்பி, அண்ணன் கெடைச்சாரா?”

“இரிக்கார் நானா. நம்புறாரில்ல.”

“மவுத்தப் போயி எப்பிடி நம்பாம இரிக்கிற?”

“இதுக்குள்ள இரிக்கலாம்.”

கச்சி முகம்மது குனிந்து வாசித்தார். வெற்றிலை மென்ற வாய் நின்றது. “இதுல ஆரு கும்புடுறவன், ஆரு கும்புடாதவன்?”

“இப்ப எல்லாரும் ஒரு கட்சிதான் நானா.”

அப்போது அண்ணன் எழுதினான். ‘தெய்வத்தை வைச்சு விளையாடினாய், பொறுத்தன். பெத்தவளையுமா? ஞாயிற்றுக்கிழமைதான் அவவோட கதைச்சனான்.’

தவநேசனின் விரல்கள் எழுத்துகளைத் தேடி ஓடின. ‘ஓம், குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ எண்டு சொன்னா. நான் பக்கத்திலதான் நிண்டன். நேத்து ராவு நெஞ்சு நோகுது எண்டா. ஊரடங்கு. ஒரு ஆட்டோவும் வரல்ல அண்ணா. விடியும் வரைக்கும்...’

பச்சைப் புள்ளி அணைந்தது. இருந்தும் அவன் அதை அனுப்பினான்.

‘நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள்’ என்று ஒரு பக்தர் எழுதினார். ‘சிறுகதைப் போட்டிக்கு அனுப்பலாம்.’

“வீட்ட போங்க தம்பி,” என்றார் கச்சி முகம்மது. “இத நான் தொறந்தே வெச்சிரிக்கன். அவரு வந்தாரெண்டா ஓடி வாறன்.”

வீட்டில் வெள்ளை கட்டி முடிந்திருந்தது. பெண்களின் ஒப்பாரி களைத்துத் தணிந்திருந்தது. அம்மாவின் தம்பி சீனித்தம்பி படலையிலேயே மறித்தார். “மூத்தவனுக்குச் சொல்லிட்டயா மனே?”

“சொன்னன் மாமா.”

“என்னவாம்?”

தவநேசன் செருப்பைக் கழற்றினான். ஒரு சோடி செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

“அழுதானாடா?”

“தெரியல்ல மாமா. எழுத்துத்தானே.”

ஊரடங்குக்கு முன் சவக்காலைக்குப் போய்த் திரும்பவும் வேண்டும். வாய்க்கரிசிப் பெட்டியை மாமா நீட்டினார். இந்தச் சடங்குகளைப் பற்றித் தவநேசன் களத்தில் தொடர் கட்டுரை எழுதியவன். வாய்க்கரிசிக்கென்றே ஒரு பந்தி இருந்தது, பலர் பாராட்டிய பந்தி. அம்மாவின் வாயில் ஒரு பிடி அள்ளிப் போட்டான்.

“இனி அண்ணன்ட பங்கு. அவன நெனச்சிப் போடு.”

“அவருக்கும் நானா போடுற மாமா?”

“வேற ஆரு இரிக்காங்க? அவன் இதெல்லாம் பாக்கிறவன். கொறை விடாத, போடு.”

இரண்டாவது பிடியில் அரிசி வழிந்து அம்மாவின் கன்னத்தில் இறங்கியது. அவன் அதை ஒரு விரலால் மெல்ல ஒதுக்கினான்.

“தூக்குங்கடா, நேரமாகுது,” என்றது ஒரு குரல்.

படலையைக் கடக்கும்போது கையைப் பார்த்தான். ஈரத்தில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. அது எந்தப் பிடியில் மிஞ்சியது என்று தெரியவில்லை. உதறிவிடாமல், கையைப் பொத்திக்கொண்டு சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தான்.