சம்பந்தி பேசிய இங்கிலீஷ்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை. "சைன் ஹியர் ப்ளீஸ்", "ஃபோன் நம்பர் ப்ளீஸ்", "நெக்ஸ்ட்" என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, இங்கிலீஷ் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் அவளைவிட அதிகமாக நம்பினார்கள். நம்பாதவன் அண்ணன் ஒருத்தன்தான்.

அந்த அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தான். அவளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அவளுடைய அப்பா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டில் மண் அள்ளிப் போட்டது அண்ணனின் கடைவாய்ப் பல். காலையில் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட போயிட்டு ஓடி வந்துடுறேன். அதுவரைக்கும் நீ எதுவும் பேசிடாத. சிரி, அது போதும்" என்று தங்கையிடம் கெஞ்சிவிட்டுப் போனான்.

அவர்கள் வீடு அப்பாவின் சலவைக் கடைக்கு மேலே இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகளுக்கு நடுவே புகுந்து, குறுகலான மாடிப்படியில் ஏற வேண்டும். விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கடை வாசலில் வந்து நின்றார்கள். பஸ் டிரைவர் வாட்டசாட்டமான ஆள். வந்ததும் வராததுமாக எல்லோர் கையையும் குலுக்கிவிட்டு, "டிக்கெட்ஸ் காஸ்ட் அஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்!" என்று சொல்லிச் சிரித்தார்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

வாயாடிக்கு டிக்கெட் தெரியும், கை தெரியும், கால் தெரியும். "டிக்கெட்டுக்காக ஒரு கையும் ஒரு காலும் போயிடுச்சாம்மா."

அப்பா ஆடிப்போனார். "எல்லாம் இருக்கிற மாதிரிதானே தெரியுது?"

"மெதுவாப் பேசுங்கப்பா. செயற்கையா வெச்சிருப்பாரு. உத்துப் பாத்தா மனுஷன் சங்கடப்படுவாரு."

அப்பாவுக்கு இளகிய மனசு. ஓடிப்போய் டிரைவரின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, "பாத்து சம்பந்தி, பாத்து" என்று ஒவ்வொரு படியாக ஏற்றினார். இந்தப் பெரியவருக்குத்தான் படி ஏற முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த டிரைவர், அப்பாவின் இடுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டார். ஆரோக்கியமான இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் சுமந்துகொண்டு மேலே வந்து சேருவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

நாற்காலியில் உட்கார வைத்து, காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டார் அப்பா. எந்தக் கால் என்று தெரியாததால் இரண்டையும் தூக்கி வைத்தார். டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வயிற்றைத் தடவியபடி, "ஐ குட் ஈட் எ ஹார்ஸ்" என்றார்.

"குதிரை சாப்பிடுவாராம்" என்றாள் வாயாடி.

"குதிரையா!"

"முழுசா ஒண்ணு."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நம்ம வீட்டுல முட்டைதானேடி இருக்கு?" என்றவள், இருந்த முட்டை அத்தனையையும் உடைத்து ஊற்றி, தலையணை பருமனில் ஒரு ஆம்லெட் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். டிரைவர் ரசித்து, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். குதிரை கேட்ட மனிதர் முட்டையோடு திருப்திப்பட்டதில் அம்மாவுக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் பிள்ளையின் பெருமையை எடுத்துவிட நினைத்தாள். "நம்ம பையன் ரொம்ப சாது, வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதுன்னு சொல்லுடி."

வாயாடி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மை பிரதர் வெரி குட். யூ புட் ஃபிங்கர் இன் மவுத். நோ பைட்."

டிரைவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் வந்ததிலிருந்து நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு, கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கியபடி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் வாயாடியின் பக்கம் சாய்ந்து, ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஷி ஹேஸ் கோல்ட் ஃபீட்."

இதைவிடத் தெளிவாக யாரும் இங்கிலீஷ் பேச முடியாது. வாயாடி துள்ளி எழுந்தாள். "அம்மா, பாவம்மா! அந்தப் பொண்ணுக்குக் கால் சில்லிட்டுப் போச்சாம்!"

வீடு ரெண்டுபட்டது. அப்பா கடைக்கு ஓடி, சட்டைக் காலர் ஊறவைக்கும் தொட்டியைக் கழுவி, பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து வந்தார். வாயாடி அந்தப் பெண்ணின் ஷூவைக் கழற்றினாள். தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே ஐஸ்கட்டிதான். அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பாதத்தை மடியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். மற்றதை வாயாடி எடுத்துக்கொண்டாள். அப்பா இஸ்திரி போட்டுச் சூடாக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினார். அந்தப் பெண் திகைத்துப்போய்த் தன் அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியது. அதற்குள் வாயாடியின் விரல் உள்ளங்காலில் பட்டு, கூச்சம் தாங்காமல் வீல் என்று கத்திச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறா பாரு! ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சு, நல்லாத் தேய்" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வாசலில் வந்து நின்றான். பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை அடைத்து அனுப்பியிருந்தார்கள். பாதி முகமும் நாக்கும் மரத்திருந்தன. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் அவனிடம் இங்கிலீஷில் சொன்னார். கேட்கக் கேட்க, மரக்காத பாதி முகமும் வெளுத்துப் போயிற்று. பஞ்சைத் துப்பினான்.

"கோழ்ட் ஃபீட்னா காழு இழ்ழ! கழ்யாணம் பண்ணிக்கழாமா வேணாமான்னு உதறழ்! கடைசி நேரத்துப் பயம்!"

அம்மாவின் கையிலிருந்த பாதம் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது.

"அப்ப அவரோட கை, கால்?" என்றார் அப்பா.

"டிக்கெட் வெழ ஜாஸ்திப்பா!"

"அந்தக் குதிரை?"

"கொழப் பசி!"

வாயாடிக்குத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கல்யாணத்தையே குட்டிச்சுவராக்கிவிட்டோமே என்று அழுகை முட்டியது. அண்ணன் அந்தப் பெண்ணிடம் போய் மெல்ல ஏதோ கேட்டான். அவள் நீளமாகப் பேசினாள். அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி அதைத் தமிழில் சொன்னான்.

விமானத்திலிருந்து இறங்கியதிலிருந்தே அவளுக்கு ஒரே யோசனையாம். தான் பேசுவது யாருக்கும் புரியாத வீட்டில் எப்படி வாழ்வது என்று பயமாம். திரும்பிப் போய்விடலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாளாம். அவர் வாயாடியிடம் அதைத்தான் சொன்னார் என்பது அவள் காதில் விழுந்ததாம். கோபிப்பார்கள், ஏன் என்று குடைவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தாளாம்.

"நீங்க ஒரு வார்த்த கேக்கழ. மூணு பேரும் ஓடி வந்து அவ காழப் பிடிச்சுக்கிட்டீங்க. பயந்த பொண்ணுக்கு இந்த வீட்டுழ இப்படித்தான் வைத்தியம் பண்ணுவாங்க போழன்னு நெனச்சாளாம். அப்பவே முடிவு பண்ணிட்டாளாம்."

"என்னன்னு?" என்றார்கள் மூவரும் ஒரே மூச்சில்.

அண்ணன் வெட்கப்பட்டு மோட்டுவளையைப் பார்த்தான். அந்தப் பெண்ணே, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னாள்: "சரி."

பிறகு அண்ணன் அவளிடம், உன் பயம் இவர்கள் யாருக்கும் தெரியாது, நிஜமாகவே கால் சில்லிட்டதாகத்தான் நினைத்தார்கள் என்று விளக்கினான். அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். அவள் சிரிப்பு டிரைவருக்குத் தொற்றி, அவரிடமிருந்து அப்பாவுக்குத் தாவியது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்த அண்ணன், கன்னத்தை அழுத்திக்கொண்டு, "ஐயோ வழிக்குது, ஐயோ வழிக்குது" என்று குதித்தான். குதித்ததில் கால் பட்டுத் தொட்டி கவிழ்ந்து, வெந்நீர் படிப்படியாக இறங்கிக் கடைக்குள் போனது.

"மேல என்னங்க நடக்குது? என் கோட்டு நனையுது!" என்று கீழேயிருந்து ஒரு வாடிக்கையாளர் கத்தினார். அப்பாவும் டிரைவரும் போட்டி போட்டுக்கொண்டு நாலு நாலு படியாகத் தாவி இறங்கினார்கள்.

மேலே துணி போட்டுத் தரையைத் துடைத்தபடியே அம்மா கேட்டாள்: "ஏன்டா, மாமியாருக்கு அவங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"மதர் இன் ழா."

"லான்னா?"

"சட்டம்மா" என்று முந்திக்கொண்டாள் வாயாடி. இது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு மருமகளை அன்போடு பார்த்தாள். "சட்டமெல்லாம் எதுக்கு? நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்னு சொல்லுடி."

வாயாடி வாயைத் திறந்தாள். அண்ணன் பாய்ந்து வந்து அதைப் பொத்தினான்.