பச்சை ஜன்னலின் ருசி

"பால், வெண்ணெய், சீஸ், எதுவுமே கிடையாதே?"

அந்தத் தாய் இதைக் கேட்டது இரண்டாவது தடவை. கேட்டுவிட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கிடையாதும்மா. கறி, முட்டைகூடக் கிடையாது. எல்லாம் செடி கொடியில விளைஞ்சது. கல்லு தனி, கரண்டி தனி," என்றாள் பச்சைக்கா.

பொழுதுபோக்குப் பூங்காவின் பெரிய உணவகத்தில் ஐந்து ஜன்னல்கள். நான்கில் கோழி பொரிந்து கொண்டிருக்கும். கடைசி ஜன்னலுக்கு மட்டும் பச்சை பெயிண்ட். அதைக் கவனித்துக் கொள்கிறவளுக்கும் பச்சைக்கா என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் ஈ ஓட்டிய ஜன்னல்தான். இப்போது பட்டாணி கட்லெட் பர்கருக்கு வரிசை நிற்கிறது. கறி தின்கிறவர்களே வந்து கேட்கிறார்கள்.

"இவளுக்குப் பால்னா ஆகாதுங்க," என்றாள் தாய். "போன தடவை ஒரே ஒரு பிஸ்கட். தொண்டை வீங்கி மூச்சு முட்டிடுச்சு. அதுக்குப் போடற ஊசி பையிலயே வச்சிருக்கேன். அதை இன்னொரு தடவை பிரிக்கிற மாதிரி ஆயிடக் கூடாது."

கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைந்திருந்த மகள் நுனிக்காலில் நின்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "வெளியில வந்தா எல்லாரும் சாப்பிடுவாங்க, நான் வேடிக்கை பார்ப்பேன்," என்றாள், ஏதோ பள்ளிக்கூட டைம்டேபிள் சொல்வதுபோல. "இன்னிக்கு இதை ராட்டினத்துல உச்சிக்குப் போய்தான் சாப்பிடுவேன். எல்லாரும் என்னைப் பார்க்கட்டும்."

இருவரும் கூட்டத்தில் மறைந்தார்கள். பச்சைக்காவுக்கு மனசு நிறைந்திருந்தது. ஜன்னலில் வரிசை குறைந்ததும் திரும்பி, கல்லுக்கு முன்னால் நின்ற சமையல் மாஸ்டரிடம் சொன்னாள்.

"கேட்டீங்களா மாஸ்டர்? பால் பட்டாலே அந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைச்சிடுமாம். நம்ம ஜன்னலைத் தேடி வந்திருக்கு."

மாஸ்டரின் கை நின்றது.

"கொஞ்சூண்டு பட்டாகூடவா தங்கச்சி?"

பச்சைக்கா அவர் கையைப் பார்த்தாள். கல்லின் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். எண்ணெய் இல்லை. உருக்கின வெண்ணெய்.

"எப்போ இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே." மாஸ்டர் கல்லைப் பார்த்தே சொன்னார். "பன்னு வறட்டியாட்டம் இருந்துச்சும்மா. பாதி கடிச்சுட்டு வச்சுட்டுப் போயிடுவாங்க. மிச்சம் விழுந்து தட்டு திரும்பி வந்தா எனக்குத் தாங்காது. பாவம், இதுகளும் ருசியா தின்னட்டுமேன்னு ஒரு தடவு தடவி விட்டேன். இன்னிக்குக் குழந்தைக்குன்னதும் ரெண்டு தடவு."

அவளுக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது. அதே நேரம் தன்மீதும் கோபம். எத்தனை பேர் புகழ்ந்தார்கள். ஒரு நாளாவது இந்த ருசி எங்கிருந்து வருகிறதென்று கேட்டாளா? வெண்ணெய் வாசனை அடித்தபோதெல்லாம் பக்கத்து அடுப்பு என்று நினைத்துக்கொண்டாளே.

"ராட்டினம்," என்றாள். அடுத்த நொடி ஓடினாள்.

பின்னாலேயே மாஸ்டர். தொந்தியும் ஏப்ரனும் குலுங்க, பலூன் விற்பவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ராட்டினத்தடியில் நீளமான வரிசை. அதில் பட்டாம்பூச்சிக் கன்னம் இல்லை.

"கன்னத்துல பட்டாம்பூச்சி வரைஞ்ச பொண்ணு, கூட அம்மா," என்று மூச்சு வாங்கினாள் பச்சைக்கா.

ராட்டினக்காரர் வானத்தைக் காட்டினார். "ஏறியாச்சே. இப்போ உச்சிக்குப் போயிட்டிருக்கும்."

"இறக்குங்க."

"எப்படியும் சுத்தி வந்துதானே ஆகணும்? நிறுத்தினா அங்கேயே தொங்கும்."

"பேச முடியுமா?"

"கூண்டுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு. வெளியில தலையை நீட்டாதேன்னு கத்தறதுக்கு. வரிசைக்கும் கேட்கும். ஆனா நாம பேசறதுதான் அவங்களுக்குப் போகும், அவங்க பேசறது நமக்கு வராது."

பச்சைக்கா மைக்கை வாங்கக் கையை நீட்டினாள். அதற்குள் மாஸ்டர் பிடுங்கிக்கொண்டார்.

"நான் செஞ்சதை நானே சொல்றேன் தங்கச்சி."

மைக் கரகரத்தது.

"பட்டாம்பூச்சி வரைஞ்ச பாப்பா, அந்த பன்னை வாயில வைக்காதே கண்ணு. அம்மா, அதைத் தொட விடாதீங்க. அதுல வெண்ணெய் இருக்கு. பச்சை ஜன்னல் சமையல்காரன் பேசறேன். நான்தான் தடவினேன். அங்க வாங்கின எல்லாருக்கும்தான் சொல்றேன், எல்லாத்துலயும் தடவியிருக்கேன். ஜன்னல்ல நிக்கிற பொம்பளைக்கு இது தெரியாது."

வரிசையில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தன் கையிலிருந்த பாதி பர்கரைப் பார்த்தாள். மெதுவாகக் காகிதத்தில் சுற்றினாள்.

ராட்டினம் அவசரமே இல்லாமல் சுற்றியது. ஒவ்வொரு கூண்டும் கீழே வர, மாஸ்டர் ஒவ்வொன்றின் கதவையும் பார்த்தார். ஒரு ஜோடி. ஒரு குடும்பம். ஒரு காலிக் கூண்டு. பச்சைக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

அடுத்த கதவு திறந்தது. பொட்டலம் தாயின் கையில். கசங்கியிருந்தது. மகள் தன் காலில் குதித்து இறங்கினாள்.

"வாயைத் திறந்துட்டேன்," என்றாள். "அப்போதான் மாமா பேசினாரு."

மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பினார். "அடிக்கறதா இருந்தா அடிச்சிடும்மா."

தாய் அடிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்லா நாலு கேட்கணும்னுதான் இறங்கினேன்," என்றாள். "நாக்கே எழலை." பையைத் தடவிப் பார்த்தாள். ஊசி பிரிக்காமல் உள்ளேயே இருந்தது.

"அப்போ இன்னிக்கும் எனக்குச் சாப்பாடு கிடையாதா?" என்றாள் மகள்.

பச்சைக்கா தாயின் பக்கத்தில் குந்தினாள்.

"நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. நீங்களே உள்ளே வாங்க. நின்னு பாருங்க. பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போங்க."

தாய் மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

உணவக வாசலில் மேனேஜர் முகம் கடுகடுவென்று நின்றிருந்தார். ஸ்பீக்கர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"வர்றோம் சார்," என்றாள் பச்சைக்கா. "ஒரு ஆர்டர் பாக்கி இருக்கு."

ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பழைய கல்லின் பக்கமே போகவில்லை. ஸ்டோரிலிருந்து பிரிக்காத வாணலி, பிரிக்காத எண்ணெய் பாட்டில். பச்சைக்காவும் மாஸ்டரும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தாய் ஒவ்வொரு லேபிளையும் வாங்கிப் படித்தாள். மாஸ்டர் புதிதாகப் பட்டாணியை மசித்துக் கட்லெட் தட்டினார். பன் வேண்டாமென்று அவரே சொன்னார். தக்காளியை நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, கட்லெட்டை முட்டைக்கோஸ் இலையில் வைத்து மடித்தார்.

மகள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். மாஸ்டர் அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாயின் கை பையின் ஜிப்பிலேயே இருந்தது.

விழுங்கினாள். இன்னொரு கடி. இலையை முழுசாக முடித்துவிட்டு, விரலை நக்கினாள்.

"உப்பு கம்மி மாமா."

சமையலறையில் இதுவரை மாஸ்டரிடம் உப்பைப் பற்றிப் பேசி யாரும் தப்பியதில்லை. "சரிங்கம்மா," என்றார் அவர். அடுத்ததில் உப்புத் தூவினார். ஈரமாகியிருந்த கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

அதை அவள் சாப்பிட்டு முடித்துத் தாய் ஜிப்பிலிருந்து கையை எடுத்த பிறகுதான் ஏப்ரனைக் கழற்றினார். வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தார்.

பச்சைக்காவும் கூடவே நடந்தாள்.

"நீ எதுக்கும்மா?"

"புகழும்போது நான்தானே வாங்கிக்கிட்டேன்," என்றாள். "நடங்க."