ரிவார் என்கிற லவீன்

கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை பார்த்தாள் அன்புக்கரசி. தொண்ணூற்றைந்து தை மாதத்தில், கனடாவின் கியூபெக்கிலிருந்து மதலேன் என்ற அறுபது வயது அம்மாள் வந்து தங்கினார். மறுநாளே முகம் வாடித் திரும்பினார்.

"பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தேடிவிட்டேன். என் சித்தப்பா அங்கே இல்லை" என்றார் இங்கிலீஷில்.

கத்தோலிக்கத் துறவற சபைச் சகோதரராக இந்தியாவுக்கு வந்து, ஏழைப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து, இங்கேயே இறந்துபோனவர் அந்தச் சித்தப்பா. "எங்கள் குடும்பப் பெயர் லவீன். அந்தப் பெயரில் ஒரு கல்கூட இல்லை."

அன்புக்கரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கப்பா பேரே லவீன்தானுங்க!"

அன்று சாயங்காலமே சூலூருக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"எங்கய்யன் வெச்ச பேருங்க அம்மணி. அவருக்கு உளி புடிக்கக் கத்துக்குடுத்த பிரதரோட பேராமுங்க. 'என்னைய லவீன்னே கூப்புடு'ன்னு அவரே சொல்லுவாராம்."

மகள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மதலேன் கேட்டார்: "அவரே சொன்னாரா? அவர் வாயாலேயா?"

"ஆமாங்க. சமாதி எனக்குத் தெரியுமுங்க. வாங்க, காட்டறேன்."

மறுநாள் அப்பா கொண்டுபோய் நிறுத்திய கல்லில் 'ஜோசப் ரிவார்' என்றிருந்தது. முந்தின நாள் மதலேன் தாண்டிப்போன கல்தான். அதிலிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்:

"எங்கள் முன்னோர் பிரான்சிலிருந்து கனடாவுக்குச் சிப்பாயாகப் போனவர். பெயர் ரிவார். பட்டாளத்தில் வைத்த பெயர் லவீன். பிறகு வந்தவர்களில் சிலர் இதை வைத்துக்கொண்டார்கள், சிலர் அதை. ஒரே வீட்டில்கூட இரண்டும் இருக்கும். அதெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்."

பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்: "'தம்பி நம் பெயரை உதறிவிட்டுப் போனான்' என்று என் அப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லை. சபையில் சேரும்போது வைக்கும் புதுப் பெயரைச் சொல்கிறார் என்றிருந்தேன். லவீனை விட்டு ரிவார் என்று வைத்துக்கொண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்."

அன்புக்கரசி தமிழில் சொன்னதும் அப்பா தலையாட்டினார். "உதறலீங்களே. ஊருக்குள்ள அந்தப் பேரத்தானுங்க சொல்லியிருக்கறாரு. எங்கய்யனும் சின்னான் என்கிற சாமுவேல்தானுங்க. கோயில்ல ஒண்ணு, ஊட்டுல ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளு."

"'என்கிற' என்றால்?"

அன்புக்கரசி விளக்கினாள். மதலேன் முதன்முறையாகச் சிரித்தார். அவர்களுடைய பிரெஞ்சு மொழியிலும் இரண்டு பெயருக்கு நடுவே அப்படியொரு சொல் உண்டாம்.

அந்தப் பெயரையும் சேர்க்கலாமா என்று மதலேன் கேட்க, பங்குச் சாமியார் சம்மதித்தார். அந்த வாரமே கொத்தனார் வந்து, கல்லில் இருந்த பெயருக்குக் கீழே 'என்கிற லவீன்' என்று செதுக்கினார்.

அதைப் பார்த்துவிட்டு மூவரும் திரும்பும் வழியில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஐஎஸ்டி பூத்தில் மதலேன் நுழைந்தார். ஊரிலிருக்கும் அக்காவைக் கூப்பிட்டார். அவர் பேசியதில் அன்புக்கரசிக்குப் புரிந்தது லவீன் என்ற ஒரே பெயர்தான். அது திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினார். "அக்கா உங்கள் குரலைக் கேட்க வேண்டுமாம்."

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வணக்கமுங்க. நான் லவீன் பேசறேனுங்க."

அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது. அப்பா கலங்கி மகளைப் பார்த்தார். "அழுவறாங்க கண்ணு" என்றார் மெதுவாக. ஆனாலும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.