துரைசாணி மெச்சிய தரை

மார்கழி பிறந்ததிலிருந்து மலாயாவில் செடெனாக் பக்கம் மழை விட்டபாடில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் தோட்டமே கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் முடங்கிக் கிடந்தது. பங்களாவில் மட்டும் ஒருத்திக்கு ஓய்வில்லை. பேச்சியம்மாள் கையில் ஈரத்துணியோடு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பின்பக்கப் படியில் குந்தியிருந்தாள். அவள் காவல் காத்தது திருடனுக்காக அல்ல, இரண்டு நாய்களுக்காக.

நாய்கள் துரையுடையவை. ஒன்றின் பெயர் மேஜர், இன்னொன்று ஜிப்பி. மேஜர் கன்றுக்குட்டி உயரம்; ஜிப்பி அதில் பாதி இருந்தாலே அதிகம், ஆனால் சேறு சுமப்பதில் மேஜரை மிஞ்சிவிடும். பங்களா தூண்களின் மேல் நின்றது. கீழே ஆளுயரத்துக்கு வெற்றிடம், வெறும் மண்தரை. மழைத்தண்ணீர் புகுந்து அது குழம்பாகிக் கிடந்தது. நாய்கள் அங்கே புரண்டு எழுந்து, படியேறி, கூடத்துப் பலகைத் தரையில் பூப்போட்டுக்கொண்டே துரையின் நாற்காலி வரைக்கும் போகும். அந்தத் தரைக்கு மெழுகு போட்டு, தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்கியவள் பேச்சி.

நாய்களைக் கட்டிப்போடக் கூடாது என்பது துரையின் உத்தரவு. தரையில் ஒரு கால்தடம்கூடத் தெரியக் கூடாது என்பது துரைசாணியின் உத்தரவு. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரலாமே என்று சொல்ல அங்கே யாருக்கு வாய் இருக்கிறது? துரைசாணிக்குத் தமிழ் வராது. கடைத்தெரு மலாயில் கத்துவாள்.

"சத்து காலி லாகி, பாலேக் லைன்!"

இன்னொரு தடவை இப்படி ஆனால் லயத்துக்கே திரும்பிப் போய்விடு என்று அர்த்தம்.

வேறொருத்தியாக இருந்தால் துணியை வீசிவிட்டு நடையைக் கட்டியிருப்பாள். பேச்சியால் அது முடியாது. லயத்தில் கங்காணி ஐயாசாமி இருந்தான். புருஷன் காய்ச்சலில் செத்துக் கருமாதி முடிந்த கையோடு அவன் அவள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தான். "தனியா கெடக்கியே, பயமா இல்லையா?" என்று கேட்பான். அவளுக்கு இருந்த ஒரே பயம் அவன்தான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிப்பவனும் அவனே. எந்த ஒதுக்குப்புறக் காட்டுக்கு அவளைத் தனியாக அனுப்புவது என்பது அவன் இஷ்டம். கணக்கு எழுதும் கிராணியின் மனைவி இரக்கப்பட்டு அவளைப் பங்களாவில் சேர்த்துவிட்டாள். சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் ஒரு சிறிய அறையும் கிடைத்தது. துரையின் வேலிக்குள் கங்காணி கால் வைக்கமாட்டான். அதற்காகத்தான் பேச்சி நாய்க்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

சமையல்காரர் ஆதம் பாய் தங்கமான மனிதர், நாய் விஷயத்தில் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்.

"நனைஞ்ச நாய் மேல பட்டா எனக்குத் தொழுகைக்கு ஆகாது புள்ள. கரண்டியக் காட்டி வெரட்டச் சொல்லு, வெரட்டுறேன். தொடச் சொல்லாத."

அந்த நேரம் பார்த்து, கம்பெனியின் பெரிய துரையும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து காரில் வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

அன்று மத்தியானம் லயத்துக்குப் போய்த் தங்கை செல்லத்திடம் புலம்பினாள். செல்லம் நிறைமாதக்காரி, ஒரு பசுமாடு வைத்திருந்தாள். சுற்றிலும் கணுக்கால் ஆழச் சேறு, ஆனால் செல்லத்தின் தாழ்வாரம் மட்டும் காய்ந்து கெட்டியாக இருந்தது. முந்தின வாரம் சாணம் மெழுகியிருந்தாள். பேச்சி அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு கூடை சாணி குடுடி" என்றாள்.

மறுநாளே பங்களாவுக்கு அடியில் வேலை தொடங்கியது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். மண்ணைத் திமிசு போட்டு இடித்தாள். குசினிச் சாம்பலையும் சாணத்தையும் குழைத்து மெழுகி, ஓரங்களில் கங்குச் சட்டி வைத்துக் காயவிட்டாள். காயக் காய மறுபடி மெழுகினாள். வாரக் கடைசியில் தரை கல்லாக நின்றது. பழக்கதோஷத்தில் ஓரத்தில் ஒரு சின்னக் கோலமும் போட்டுவைத்தாள். நாய்கள் வந்து முகர்ந்து பார்த்தன, காய்ந்த இடம் என்று கண்டதும் சுருண்டு படுத்துக்கொண்டன. மேலே கூடத்தில் ஒரு தடம் இல்லை. துரைசாணி நம்பாமல் குனிந்து குனிந்து தேடினாள். பேச்சி மாதக்கணக்கில் மறந்திருந்த தூக்கத்தை அன்றைக்குத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைசாணி கீழே இறங்கிப் பார்த்தாள். காற்றோட்டம், குளுமை, வழவழப்பான தரை, வெள்ளைக் கோலம். "பாகுஸ்! பாகுஸ்!" என்று கைதட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். மத்தியானத் தேநீருக்கு மேசை நாற்காலியைக் கீழேயே போடச் சொல்லிவிட்டாள்.

ஆதம் பாய்க்கு வேர்த்துவிட்டது.

"அல்லாவே! இது என்ன தரைன்னு தெரிஞ்சா ஒன்னையும் என்னையும் சேத்து ரயிலேத்திடுவாங்க புள்ள."

"சாணி என்ன பாய், கெட்ட பொருளா? சாமி கும்புடுற எடத்தையே அதாலதானே மெழுகுறோம்."

"ஒனக்கு அது சுத்தம். அவங்களுக்கு அது மாடு போட்டது."

பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. நாய் தூங்கத்தானே மெழுகினோம் என்று நினைத்திருந்தாள். பெரிய இடத்துப் பொம்பளை வந்து உட்காருவாள் என்று கனவா கண்டாள்?

விருந்தாளிகள் வந்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்று ஆதம் பாய் அவர்கள் பேசும் இங்கிலீசைக் கிசுகிசுவென்று தமிழாக்கினார். "தரை ரொம்ப அழகா இருக்காம். நம்ம தொரசாணி, நாந்தான் சொல்லிச் செய்யவச்சேன்னு சொல்றாங்க. இந்த ஊர் சிமிட்டியாம். பெரிய தொரசாணி தன் வீட்டுலயும் போடணுங்கிறாங்க." அந்த நேரத்தில் பெரிய துரைசாணியின் கையிலிருந்த பிஸ்கட் தரையில் விழுந்தது. "இவ்வளவு சுத்தமான தரையில் விழுந்ததற்கு என்ன" என்பதுபோல் சிரித்துக்கொண்டே அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆதம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். தோட்டத்துத் துரை வேறு பக்கம் திரும்பி மீசையைக் கடித்தார். இத்தனை வருஷம் தமிழாட்களோடு தோட்டத்தில் கிடந்தவருக்கு அது என்ன தரை என்று தெரியாதா? தெரிந்துதான் இருந்தது, மனிதருக்குச் சிரிப்பை அடக்கத்தான் தெரியவில்லை.

கங்காணிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. செல்லத்தின் கொட்டகையிலிருந்து கூடை கூடையாகச் சாணம் எங்கே போகிறது என்று அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மறுநாள் வேலி வாசலில் நின்று துரைசாணியைக் கூப்பிட்டான். தரை என்ன பொருள் என்பதை மலாயில் பக்குவமாக எடுத்துச் சொன்னான். பேச்சியைத் திரும்ப லயத்துக்கு அனுப்பினால் தானே கண்டித்துக்கொள்வதாகவும் சொன்னான்.

பேச்சி அறைக்குள் ஓடித் தகரப்பெட்டியில் துணியை அள்ளிப் போட்டாள். எங்கே போவது? காட்டுக்குள் ஓடிவிடலாமா, கிணற்றில் விழலாமா என்றுகூட நினைத்தாள். துரைசாணி அறை வாசலில் வந்து நின்றபோது அவள் காலிலேயே விழுந்துவிட்டாள்.

துரைசாணியின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. தணிந்த குரலில், கெஞ்சுவதுபோலக்கூடப் பேசினாள். யாரிடமும் சொல்லாதே. ஜொகூர் பாருவில் தெரிந்தால் நான் தலைகாட்ட முடியாது. கங்காணி வாயைத் திறந்தால் அவன் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டேன். நீ இங்கேயே இரு. லயத்துக்குப் போகாதே, போனால் பேசுவாய். லயத்திலிருந்து யாரும் உன்னைப் பார்க்க வரவும் கூடாது. வேலியைத் தாண்டினால் திரும்பி வராதே.

பேச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சந்தோஷத்தில் அழுதாள். ஐயாசாமி தொங்கிய முகத்தோடு மழையில் திரும்பிப் போவதைப் பார்த்தபோது, அவன் முதுகைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

சாணத்தரையைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். மறுபடி சேறு, மறுபடி நாய், மறுபடி படியில் ஈரத்துணி. தடம் பதிந்தாலும் துரைசாணி இப்போது திட்டுவதில்லை. தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறக்கும் தறுவாயில் செல்லம் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்றாள்.

"அக்கா! காலையிலேருந்து இடுப்பு வலிக்குது. மருத்துவச்சி இன்னைக்குத்தாங்குது. வாக்கா."

பேச்சி படியில் எழுந்து நின்றாள். மேலே வராந்தாவில் துரைசாணியின் நாற்காலி கிறீச்சிட்டது.

"நீ போடி, மழையில நிக்காத."

"நீ வர்றியா இல்லையா? நமக்கு ஆத்தாவா இருக்கு? ஒன்ன விட்டா எனக்கு யாருக்கா?"

"வரக் கூடாதுடி."

"கங்காணிதான் ஒன் பக்கமே திரும்புறதில்லையே. அப்பறம் என்ன பயம் ஒனக்கு?"

வேலிக்கு உள்ளே இருக்கிற வரைக்கும்தான் அவன் திரும்பமாட்டான் என்பதை வலியோடு நிற்கிறவளுக்கு எப்படிச் சொல்வது? பேச்சி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். செல்லம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாரு" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் காலை ஊன்றி ஊன்றி நடந்தாள். படியில் படுத்திருந்த நாய்கள் இரண்டும் எழுந்து, சோம்பல் முறித்து, வேலி இடுக்கில் நுழைந்து அவள் பின்னாலேயே லயத்துப் பக்கம் போயின. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவில்லை.

பொழுது சாயும்போது நாய்கள் திரும்பி வந்தன. பேச்சி மேஜரின் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். நகத்துக்கு நடுவே செல்லத்தின் வாசல் மண் அப்பியிருந்தது. குழந்தை பிறந்துவிட்டதா, என்ன குழந்தை, செல்லம் எப்படி இருக்கிறாள் என்று அவள் அந்த நாயிடம் கேட்டேவிட்டாள். பிறகு, வராந்தாவிலிருந்து குரல் வருவதற்குள், அழுதுகொண்டே அதைத் துடைத்தாள்.