முழங்கால் வலிக்காரருக்கு மூட்டிய நெருப்பு

என் புருஷன் சிம்சனுக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல். அந்த மரியாதைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

எங்கள் மலையில் செதுக்கல் உள்ள பாறை ஒன்றே ஒன்று. அதில் ஓர் ஒட்டகச்சிவிங்கி, பின்னால் குட்டி. செதுக்கி எத்தனை ஆயிரம் வருஷமோ, யாருக்குத் தெரியும். பக்கத்து இரண்டு மலைகளையும் கல் கம்பெனி அறுத்து லாரியில் ஏற்றிவிட்டது. அங்கிருந்த ஊற்றுகளும் போயின. பாறை தொல்சின்னமாகப் பதிவானால் எங்கள் மலையை எவனும் தொட முடியாது. அடிவார ஊற்றும் அதை நம்பியிருக்கும் எங்கள் ஆடுகளும் பிழைக்கும். நாலு வருஷம் மனுப் போட்டு, கடைசியில் தலைநகர் வின்ட்ஹுக்கிலிருந்து ஹோயசெப் என்ற அதிகாரி வந்தார்.

புது ஆள் வந்தால் நெருப்பு மூட்டி, அவர் பேரைச் சொல்லி, இறந்துபோன பெரியவர்களுக்கு அறிமுகம் செய்வோம். அது கீழே ஆற்றுமணலில்தான் நடக்கும். அன்று ஹோயசெப்புக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் ஜீப்பை நேரே பாறைவரை ஓட்டிப் போய்விட்டார். மனுஷரை நொண்டி நொண்டி இறங்கவைப்பதா என்று சிம்சன் விறகை மேலே சுமந்தார். கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மறைவு பாறையடியில் மட்டும்தான். அங்கேயே மூட்டினார். நானும்தான் சுள்ளி எடுத்துக் கொடுத்தேன். வாய் கிழியப் பேசுகிற எனக்கும் அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

ஹோயசெப் ஜீப்பில் காலை நீட்டிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். சிம்சன் தன் தாத்தாவின் தாத்தா வரை சாவகாசமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மொபானி விறகின் கனல் லேசில் அடங்காது. முடிந்ததும் வழக்கப்படி ஒரு வாளி ஊற்றுத்தண்ணீரை வீசி அணைத்தார். தண்ணீர் நெருப்பில் காய்ந்து கொதித்த பாறைமேலும் பட்டது. துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பாறையின் முகம் செதுக்கலோடு பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது.

சிம்சன் சில்லுகளைப் பொறுக்கிப் பாறையில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ஹோயசெப் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து பார்த்தார். செதுக்கல் இல்லாத கல்லைத் தன்னால் பதிய முடியாது என்றார்.

“என்னை ஜெயில்ல போடுங்க ஐயா,” என்றார் சிம்சன். “நான்தானே உடைச்சேன். எத்தனை வருஷம்னாலும் இருந்துட்டு வரேன். மலைய மட்டும் எழுதிக்கிட்டுப் போங்க.”

ஹோயசெப் படிவத்தை மடித்தார். “பதிஞ்ச சின்னத்தை உடைச்சாத்தான் ஜெயிலு, அண்ணே. இது இன்னும் பதியல. சட்டப்படி நீங்க எதையும் உடைக்கல.”

அதைக் கேட்டபிறகுதான் சிம்சன் அழுதார்.