பதினொன்று பதினேழுக்குக் கேட்ட காலடி

ரோசலிண்ட் டக்கெட்டின் மூக்குக்கும் அவள் வீட்டுக் கம்பளத்துக்கும் பல வருடங்களாக ஆகவில்லை. கடைசியில் டாக்டர் மூக்கின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கம்பளம் போக வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் இன்ஹேலரோடுதான் குடித்தனம்.

கம்பளத்துக்கு அடியில் நூறு வயதைத் தாண்டிய தரைப்பலகைகள் ஒன்று மேடும் ஒன்று பள்ளமுமாகக் கிடந்தன. அவற்றின்மேல் லேமினேட் என்கிற, ஒன்றோடொன்று கோக்கும் செயற்கைப் பலகைகளைப் போட்டுத் தர, தரை போடும் வேல்ஸ்காரன் டில்வின் தயாராக இருந்தான். ஆனால் பிரிஸ்டலில் இருந்த அந்த வீட்டை மேல் கீழாக வெட்டி இரண்டு பேருக்கு விற்ற புண்ணியவான் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவைத்திருந்தான்: மாடியில் கம்பளம்தான், வேறு எது போட்டாலும் கீழ்வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.

கீழ்வீட்டில் இருந்தவர் காட்ஃப்ரி லாம்பார்ட். நகரசபையின் சத்தப் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். வேலைதான் ஓய்வு பெற்றது, தன் காது பெறவில்லை என்று சொல்லிக்கொள்வார். ரோசலிண்ட் நீட்டிய சம்மதப் படிவத்தில் சும்மா கையெழுத்துப் போட மாட்டாராம். முறைப்படி சோதனை வேண்டுமாம்.

சனிக்கிழமை காலை டில்வின் கம்பளத்தைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, சத்தத்தை அடக்கும் மூன்று அடிவிரிப்புகளைப் பலகைமேல் அடுத்தடுத்துப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் நாலு லேமினேட் துண்டைக் கோத்துவைத்தான். முதலில் பச்சை நுரைத்தாள், நடுவில் மரநார்ப் பலகை, கடைசியில் கனத்த ரப்பர் பாய். ரோசலிண்ட் அவற்றின்மேல் நடக்க வேண்டும். லாம்பார்ட் கீழே குறிப்பேடோடு உட்கார்ந்து, சத்தம் கேட்டால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்.

நுரைத்தாளுக்கு நாலு இடி. மரநாருக்கு ஒன்று.

"ரப்பர்ல ஏறறதுக்கு முன்னாடி ஒரு வாய் டீ குடிங்க அம்மணி," என்றான் டில்வின். "கால் வலிக்கும்."

அவள் உட்கார்ந்து கோப்பையைக் கையில் எடுத்தாள். கீழேயிருந்து இடி வந்தது, விடாமல் ஆறு.

டில்வின் அவள் காலைப் பார்த்தான். "நடந்தீங்களா?"

"பிஸ்கட்டைத்தான் தொட்டேன்."

"அதுவும் கேட்டிருக்கும்."

கொஞ்ச நேரத்தில் லாம்பார்ட் மேலே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஏவ்ரில், பின்னிக்கொண்டிருந்த காலுறையும் கையுமாக.

"மூணாவது சோதனை," என்று படித்தார். "பதினொன்று பதினேழு. கனத்த காலடி, இடமிருந்து வலம். மன்னிக்கணும் மிஸஸ் டக்கெட், மூணுமே தேறலை. கம்பளம் அப்படியே இருக்கட்டும்."

அவர் படிக்கும்போதே ரோசலிண்ட் டில்வினின் கணுக்காலை மெதுவாக உதைத்து அவன் வாயை அடைத்திருந்தாள். கையெழுத்துக்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தாள். கையெழுத்தே இல்லை என்ற பிறகு விழுங்க ஒன்றுமில்லை.

"பதினொன்று பதினேழுக்கு நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தேன், மிஸ்டர் லாம்பார்ட்."

"நாற்காலி நகர்ந்திருக்கும்."

"இடமிருந்து வலமாவா?" என்றான் டில்வின்.

ஏவ்ரில் ஊசியை நிறுத்தினாள். "காட்ஃப்ரி, நீ நட. நான் கீழே போய்க் கேக்கறேன்."

"உனக்கு அதுல பயிற்சி இல்லையே."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் இறங்கிப் போனாள். லாம்பார்ட் மூன்றின்மேலும் ஒரு பேரணியை நடத்திக்கொண்டு போவதுபோல் நடந்தார். பிறகு ஜன்னல் வரை போய்த் திரும்பினார். அப்போதுதான் துடைப்பம் ஒரே ஒரு தடவை இடித்தது.

"நுரைத்தாள் லேசா கேட்டுது, இடிக்கிற அளவுக்கு இல்ல," என்றாள் திரும்பி வந்த ஏவ்ரில். "நடுவுல போட்டதும் ரப்பரும் கேக்கவே இல்ல. ஜன்னல்கிட்டதான் கிரீச்சுன்னு ஒண்ணு. என்னைத் தினமும் எழுப்பறது அதுதான்."

"அது பலகையோட ஆணி விட்டுப்போனதாலம்மா," என்றான் டில்வின். "எந்த விரிப்பைப் போட்டாலும் நிக்காது. முதல்ல பலகையை உத்திரத்தோட ஸ்க்ரூ போட்டு இறுக்கணும். அப்புறம் மரநார் போதும், மேடு பள்ளத்தையும் சரிக்கட்டும். ரப்பர் மெத்துன்னு அமுங்கும், லேமினேட் இணைப்பு விட்டுப்போயிடும்."

"கம்பளத்துக்கு அடியிலயும் இந்தக் கிரீச்சு இருந்திருக்கு," என்றாள் ஏவ்ரில், கணவரைப் பார்த்தபடி. "எங்க அந்தப் படிவம்?"

"ஏவ்ரில், இன்னும் நான் முடிவு பண்ணலை."

"அதுல கீழ்வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துன்னு போட்டிருக்கு. எங்க அத்தை கீழ்வீட்டை என் பேர்லதானே எழுதிவெச்சாங்க?"

லாம்பார்ட் பத்திரத்தை அதுவரை படித்தது கம்பளத்தைப் பற்றிய அந்த ஒரு வரிக்காக மட்டுமே, அது யார் பேரில் இருக்கிறது என்று பார்த்ததில்லை. ஏவ்ரில், பலகையை முதலில் இறுக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரோசலிண்ட் மூச்சு விட்டாள். அதில் விசில் சத்தம் இருந்தது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கீழே இன்னும் ஒரு கோடு காலியாக இருந்தது: சாட்சி.

லாம்பார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவை வாங்கினார். முழுப் பெயரையும் பழைய பதவியையும் எழுதி, அடியில் இரண்டு சுழி சுழித்து, நேரத்தையும் குறித்தார்.